ஆறிப்போன லோடு

இதைப் படித்துவிட்டு "நல்லா கதை விடுறான்" என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. இதில் பாதி, என் அக்கா வீட்டுக்காரர் தன் வாயால் என்னிடம் சொன்னது. மீதியை நானே என் கண்ணால் பார்த்தேன். ஒரு வரிகூட என் கைச்சரக்கு கிடையாது.

அத்தான் பொய்யே சொல்லாத மனிதர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அக்காவிடம் தினம் ஒரு பொய்யாவது சொல்வார். வண்டியையே எடுத்திருக்க மாட்டார், போனில் "இதோ தெருமுனைக்கு வந்துட்டேன்" என்பார். ஆனால் பயந்துவிட்டேன் என்று பொய் சொல்கிற ஆள் இல்லை. பதினாறு வருஷமாக டிப்பர் லாரி ஓட்டுகிறவர். ஆளில்லாத இடத்தில் டயர் பஞ்சரானால் தனியாக இறங்கி மாற்றிவிட்டு, வண்டிக்கடியிலேயே ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வருகிற ரகம். அப்பேர்ப்பட்டவர் என் வீட்டுச் சமையலறையில், பட்டப்பகலில், விளக்கைப் போடச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

ஒரே ஒருமுறைதான் சொன்னார். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவார்.

எங்கள் ஊரில் மேம்பாலத்தடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போகும் சாலை ரொம்ப வருஷமாகக் குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஆடுகிற பல் இருப்பவர்கள் அந்த வழியாக பஸ்ஸில் ஒருதரம் போய் வந்தால் பல் டாக்டர் தேவையில்லை என்று கேலி பேசுவோம். கடைசியில் ஒருநாள் மாநகராட்சிக்காரர்களுக்கு இரக்கம் வந்தது. விளக்குக் கம்பங்களில் எல்லாம் அறிவிப்பு ஒட்டினார்கள். சாலைக்குப் புதிதாகத் தார் போடப் போகிறார்கள், ஐந்து இரவுகள் வேலை நடக்கும், இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை போக்குவரத்து கிடையாது, ஓரத்தில் யாரும் வண்டி நிறுத்தாதீர்கள், பொதுமக்கள் ஒத்துழைக்கவும்.

பொதுமக்கள் வழக்கம்போல ஒத்துழைத்தார்கள். சாலையின் இரண்டு பக்கமும் கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

அதனால்தான் வினை. தார்க் கலவை கொண்டுவரும் லாரி உள்ளே போய்த் திரும்ப இடமில்லை. மேம்பாலத்தடியிலேயே லாரியைத் திருப்பி, அங்கிருந்து பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அரைக் கிலோமீட்டர் தூரம். அங்கே தார் விரிக்கும் இயந்திரம் நிற்கும். அதன் வாயில் கலவையைக் கொட்ட வேண்டும். பின்னால் ரோலர் ஏறி அமுக்கிக்கொண்டே வரும்.

அக்கா அப்போது நிறைமாதம். இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இந்த நேரத்துல ராத்திரி வேலைக்குப் போகணுமா?" என்றாள் அக்கா.

"பகல்ல உன் பக்கத்துல இருக்கணும்னுதான் ராத்திரி டூட்டியே கேட்டு வாங்கினேன்."

"பகல் பூரா குறட்டை விடுறீங்க. அது பக்கத்துல இருக்கறதா?"

"குறட்டைச் சத்தம் கேட்டா நான் பக்கத்துல இருக்கேன்னு உனக்குத் தைரியமா இருக்கும்ல?"

இப்படித்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

முதல் இரண்டு இரவுகள் பழைய தாரைச் சுரண்டி எடுத்தார்கள். மூன்றாம் இரவு புதுத் தார் போட ஆரம்பித்தார்கள். கலவை காய்ச்சும் இடம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே லாரித் தொட்டியில் ஏற்றும்போது புகை பறக்கும். மேலே தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சூடு இறங்கினால் விரியாது. முழுக்க ஆறிவிட்டால் கல்.

வேலையிடத்தில் அத்தானுக்கு இரண்டே பேரிடம்தான் பழக்கம். ஒருவர் மேஸ்திரி. நீளமான ஊசி வைத்த வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு, லாரி வந்ததும் நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கலவைக்குள் குத்திப் பார்ப்பார். சூடு சரியாக இருந்தால்தான் கொட்ட விடுவார். இன்னொருவர் விளக்கக்கா. பின்பக்கமாக வரும் லாரிக்கு வழி காட்டுகிறவர். கையில் சிவப்பு விளக்கு, வாயில் விசில். இரண்டு சின்ன விசில் என்றால் வரலாம். ஒரு நீள விசில் என்றால் நிறுத்து. வேலை நேரத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். "அக்கா, பேசினா முத்து உதிர்ந்துடுமா?" என்று அத்தான் கத்தினால், விசிலைக் கழற்றாமலே சிரிப்பார்.

மூன்றாம் இரவு ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. நடந்ததெல்லாம் நான்காம் இரவு.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே அத்தானுக்கு உடம்பு ஒரு நிலையில் இல்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மூன்று முறை டயரைத் தட்டிப் பார்த்தார். தார்ப்பாய்க் கயிற்றைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். முதல் நடை போனார். இரண்டாம் நடை போனார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனாலும் கால் தானாக ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நடை. கலவை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது ஒன்றரை மணி.

வழியெல்லாம் காற்று. இறுக்கிக் கட்டிய தார்ப்பாய் எப்படியோ தளர்ந்து பட... பட... பட... என்று அடித்துக்கொண்டே வந்தது. இறங்கிப் பார்த்தார். கயிறு விறைப்பாகத்தான் இருந்தது. ஏறி ஓட்டினார். மறுபடி பட... பட... பட...

மேம்பாலத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு பத்து.

சாலை வாயிலில் குறுக்கே டிரம்கள் வைத்து அடைத்திருப்பார்கள். காவலாளி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். லாரி வந்தால் எழுந்து டிரம்மை நகர்த்துவார். அன்றைக்கு அவரைக் காணவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. டிரம்கள் ஏற்கனவே ஓரமாக நகர்ந்திருந்தன.

'ஒதுங்கப் போயிருப்பார்' என்று நினைத்துக்கொண்டு அத்தான் லாரியைத் திருப்பினார். ரிவர்ஸ் கியரைப் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார்.

சிவப்பு விளக்கு தெரிந்தது.

ஆனால் தப்பான பக்கத்தில். விளக்கக்கா எப்போதும் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில்தான் தெரிவார். அன்றைக்கு விளக்கு மறுபக்கக் கண்ணாடியில் இருந்தது. பிடித்திருந்த ஆள் தெரியவில்லை. விளக்கு மட்டும் மெதுவாக அசைந்தது.

விசில் வரவில்லை. குரல் வந்தது.

"வா..."

ஆண் குரலா, பெண் குரலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். ஆனால் எங்கேயோ கேட்டுப் பழகின குரல். சாதாரணமான குரல். லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்கிறவர்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படி.

"வா... வா... வா..."

விளக்கக்காவுக்குப் பதிலாக வேறு ஆள் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார். தலையை வெளியே நீட்டினார்.

"அக்கா வரலையா இன்னிக்கு?"

"வா..."

"யாருங்க அது? புது ஆளா?"

"வா... வா..."

சரி, வேலை நேரத்தில் என்ன பேச்சு என்று அத்தான் லாரியைப் பின்னால் எடுத்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ரொம்ப நல்லா வழி காட்டுச்சுடா. ஒரு காரைக்கூட உரசல. ஸ்டீயரிங்கை நான் திருப்பறதுக்கு முன்னாடியே அது சொல்லிடும். கண்ணை மூடிட்டு ஓட்டலாம்போல இருந்துச்சு."

கொஞ்ச நேரம் போனது.

அப்போதுதான் முதல் விஷயம் உறைத்தது. ரிவர்ஸ் போட்டால் லாரி பீப்... பீப்... பீப்... என்று கத்தும். கத்தவில்லை.

அடுத்தது. அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் ரோலரின் உறுமல் கேட்கும். ஜெனரேட்டர் சத்தம் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. காற்றுகூட நின்றுவிட்டது. தார்ப்பாய் அடிக்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தார். வேலையிடத்துப் பெரிய விளக்குகளின் வெளிச்சம் வானத்தில் தெரிய வேண்டும். இருட்டாக இருந்தது. சிவப்பு விளக்கு மட்டும்.

"வா... வா..."

ஓரத்தில் ஒரு கார் நின்றது. சாம்பல் நிற உறை போட்டு, உறை பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல் வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினார்.

கொஞ்ச தூரம் போனதும் ஓரத்தில் ஒரு கார். சாம்பல் நிற உறை. மேலே செங்கல்.

இப்படி வைக்கிற ஆள் தெருவில் இரண்டு பேர் இருக்கலாம். இல்லையென்று இல்லை.

மூன்றாவது தடவை அந்தக் கார் வந்தபோது அத்தான் பிரேக்கை மிதித்தார்.

லாரி நின்றது. விளக்கும் நின்றது.

மணி பார்த்தார். இரண்டு பத்து.

டீசல் முள்ளைப் பார்த்தார். கிளம்பும்போது முக்கால் டாங்க் இருந்தது. இப்போது கால் டாங்க்கூட இல்லை.

தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். தாகம் அடங்கவில்லை. முகத்தைத் துடைத்தார். உள்ளங்கையில் முள்முள்ளாகக் குத்தியது. சாயங்காலம்தான் சவரம் செய்திருந்தார்.

"வா..."

இந்தமுறை மெதுவாக. அழுகிற குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி.

"வா... வா... வா..."

பிரேக்கிலிருந்து தன் கால் எடுபடுவதை அத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் எடுக்கவில்லை. கால் எடுத்தது.

லாரி பின்னால் நகர்ந்தது.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. செங்கல் வைத்த கார் வந்தது. போனது. வந்தது. போனது. எண்ணுவதை விட்டுவிட்டார். கண் எரிந்தது. கழுத்து கல்லாக இறுகியது. ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டே இருந்தார். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் சொல்கிற வார்த்தை. 'போதும்.' அந்த ஒரு வார்த்தை வந்தால் நிறுத்திவிடலாம்.

வரவே இல்லை.

"வா... வா..."

அப்போது போன் அடித்தது.

அக்கா.

எடுத்துக் காதில் வைத்தார்.

"ஏங்க... எங்க இருக்கீங்க?" அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"வேலையிலதான். என்னாச்சு? நீ தூங்கலையா?"

"தூங்கறதா? நேத்து ராத்திரி போன மனுஷன்... ஊரெல்லாம் தேடறாங்க. லாரியையும் காணோம், உங்களையும் காணோம்."

"என்ன பேசறே? இப்பத்தானே வந்தேன்..."

"காலையில வலி எடுத்துச்சுங்க. தம்பிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தான். பொண்ணு பொறந்திருக்கா."

பின்னணியில் ஒரு குழந்தை அழுவது கேட்டது. தெளிவாக.

"எங்க இருக்கீங்க? வந்துடுங்க. எங்க இரு..."

அணைந்துவிட்டது. சார்ஜ் இல்லை. கிளம்பும்போது முழுசாக ஏற்றிக்கொண்டு வந்த போன்.

அத்தான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரிவர்ஸிலிருந்து கியரைப் பிடுங்கினார். முதல் கியரில் போட்டார். மிதித்தார்.

"வா."

லாரி முன்னால் பாய்ந்தது.

"வா வா வா."

பின்னாலிருந்து. வேகமாக.

"வா வா வா வா வா."

லாரி ஓட ஓட அந்தக் குரல் தூரமாகப் போகவில்லை. கிட்டே வந்தது. லாரிக்குப் பின்னால் இல்லை. லாரிக்குள். தொட்டியில். பிறகு அவர் சீட்டுக்குப் பின்னால்.

பிடரிக்குப் பின்னால்.

கத்தவில்லை. காதோடு சொல்கிற மாதிரி.

"வா..."

அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏய்! ஏய்! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

பிரேக்.

டயர் தேய்ந்து புகை கிளம்பியது. முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காவலாளி நின்றார். அவருக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

"என்னண்ணே, உள்ள போன வேகத்துல திரும்பி வர்றீங்க? ஆள் மேல ஏத்திடப் பாத்தீங்களே!"

ரோலர் உறுமல், ஜெனரேட்டர், காற்று, எல்லாம் ஒரே நேரத்தில் காதில் வந்து விழுந்தன. மணி இரண்டு பன்னிரண்டு.

"நீங்க... நீங்க எங்க போனீங்க?" என்றார் அத்தான்.

"நான் எங்க போனேன்? நாந்தானே டிரம்மை நகர்த்தினேன். கைகூடக் காட்டிட்டுப் போனீங்களே. ரெண்டு நிமிஷம் ஆயிருக்குமா?"

விசில் சத்தம் கேட்டது. விளக்கக்கா அரக்கப்பரக்க ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும் அத்தானுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்களே கூட்டிட்டுப் போங்க. வாயைத் தொறந்து பேசிடாதீங்க. விசில் மட்டும் அடிங்க" என்றார். விளக்கக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஆள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் விளக்கைத் தூக்கினார். வழக்கமான பக்கத்தில். இரண்டு சின்ன விசில்.

நான்கு நிமிஷத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

நீள விசில் ஊதவும் எஞ்சின் தானாக அணையவும் சரியாக இருந்தது. டாங்க்கில் ஒரு சொட்டு டீசல் இல்லை.

மேஸ்திரி ஏணியில் ஏறி, தார்ப்பாயை விலக்கி, வெப்பமானியைக் குத்தினார். ஊசி இறங்கவில்லை. மறுபடி குத்தினார். ஊசி வளைந்தது. கையால் தொட்டுப் பார்த்தார். ஏற்றும்போது புகை பறந்த கலவை. வெறும் கையால் தொடுகிறார்.

"என்னய்யா இது?" மேலேயிருந்து கேட்டார். "எப்ப ஏத்தின லோடு இது?"

"ஒன்றரை மணிக்கு."

"விளையாடறீங்களா? இது ஒருநாள் முழுசாக் கிடந்து ஆறின சரக்கு. கடப்பாறை போட்டாத்தான் பேரும்."

எங்கேயாவது வண்டியை ஓரங்கட்டித் தூங்கிவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் மேஸ்திரி முதலில் நினைத்தார். ஆனால் முந்தின நடை பன்னிரண்டரைக்கு வந்து கொட்டிவிட்டுப் போனதை அவரே பார்த்திருக்கிறார். திட்ட ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

கேனில் டீசல் கொண்டுவந்து ஊற்றினார்கள். கல்லாகிப்போன லோடோடு லாரியை, கம்பெனி வண்டிகள் நிற்கிற யார்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு அத்தான் வீட்டுக்கு வந்தபோது காலை ஆறு மணி. அக்கா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி, "நீ எனக்குப் போன் பண்ணினியா?" என்று கேட்டார்.

"நான் எதுக்குப் பண்றேன்? தூக்கத்தைக் கெடுத்துட்டு என்ன கேள்வி இது?" என்றாள் அக்கா. பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "என்னங்க... நேத்துதானே சவரம் பண்ணீங்க?"

அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தூங்கவே இல்லை.

எட்டு மணிக்கு அக்காவுக்கு வலி எடுத்தது.

பத்து நாள் முன்கூட்டியே. நான் ஓடிப்போனேன். மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாயங்காலம் நாலு மணிக்குக் குழந்தை பிறந்தது. செவிலி வெளியே வந்து வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அத்தான், "பொண்ணு" என்றார். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆசையில் சொல்கிறார் என்று நினைத்தேன். குழந்தை அழுகிற சத்தம் உள்ளேயிருந்து வந்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தாயும் பிள்ளையும் நலம் என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் எழுந்தார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். இனி நான் பார்த்தது.

மறுநாள் காலையில் யார்டிலிருந்து அத்தானுக்குப் போன் வந்தது. லாரிச் சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. "நீ கொண்டுபோய்க் குடுத்துடுடா. என்னால அந்த வண்டிகிட்டப் போக முடியாது" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

நான் போனபோது தொட்டிக்குள் இரண்டு பேர் இறங்கி, தரை உடைக்கும் இயந்திரத்தால் இறுகிய தாரை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் நேரம். சாவியை யார்டு பொறுப்பாளர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அப்போது இயந்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

தொட்டியிலிருந்து ஒருவர் குதித்து இறங்கினார். குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

இன்னொருவர் மேலேயிருந்து கூப்பிட்டார். "சார்... இங்க வந்து பாருங்க."

பொறுப்பாளர் ஏறினார். பின்னாலேயே நானும் ஏறினேன். ஏறியிருக்கக் கூடாது.

பின்னாலிருந்து உடைத்துக்கொண்டே வந்தவர்கள் தொட்டியின் முன்பக்கத் தகரம்வரைக்கும் வந்துவிட்டார்கள். அந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம்தான் டிரைவர் சீட். தகரத்தை ஒட்டிக் கடைசியாக ஒரு பெரிய தார்க்கட்டி நின்றது. அதன் ஒரு பக்கம் பிளந்து விழுந்திருந்தது. உள்ளே பள்ளம்.

முதலில் எனக்குப் புரியவில்லை. வெறும் காற்றுக் குமிழி என்று நினைத்தேன். கொஞ்சம் குனிந்து பார்த்ததும் புரிந்தது.

ஒரு ஆள் உட்கார்ந்திருந்த இடம்.

முழங்காலை மடக்கி, கைகளால் கட்டிக்கொண்டு, முதுகைக் குறுக்கி உட்கார்ந்த ஒரு ஆளின் அச்சு. சுற்றிலும் கலவையை ஊற்றி இறுகிய பிறகு, ஆளை மட்டும் எடுத்துவிட்ட மாதிரி. சட்டைத் துணியின் இழைகூடப் பதிந்திருந்தது. எலும்பு இல்லை. சாம்பல் இல்லை. முடி இல்லை. ஒன்றுமே இல்லை. கட்டி எல்லாப் பக்கமும் மூடியிருந்ததாம். இயந்திரம் பிளக்கிறவரைக்கும் ஊசி நுழைய வழியில்லை.

தலை இருந்த இடத்தைப் பார்த்தேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. காது தகரத்தோடு ஒட்டியிருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதை ஒட்டுக்கேட்கிற மாதிரி.

"கையை உள்ள விட்டுப் பாருங்க சார்" என்றார் தொட்டியில் நின்றவர்.

பொறுப்பாளர் விடவில்லை. நான் விட்டேன். ஏன் விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வெளியே கட்டி ஜில்லென்று இருந்தது. இரவெல்லாம் பனியில் கிடந்த கல் மாதிரி. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. தார்ச் சூடு இல்லை அது. நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து போன உடனே நாம் உட்கார்ந்தால் இருக்குமே... அந்தச் சூடு.

அத்தானிடம் அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, அவர் தன் பாதியைச் சொன்ன பிறகுதான் என் பாதியைச் சொன்னேன். அந்த வாரமே லாரி வேலையை விட்டார். இப்போது பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ரிவர்ஸ் எடுக்க வேண்டிய இடங்களுக்குப் போவதே இல்லை. சுற்று வழியில் போவார்.

மேம்பாலச் சாலை வேலை ஐந்தாம் இரவோடு முடிந்துவிட்டது. அந்த இடத்தில் இதற்குமுன் ஏதாவது நடந்ததா, யாராவது செத்தார்களா என்று நான் விசாரித்துப் பார்த்தேன். மேஸ்திரியைக் கேட்டேன், விளக்கக்காவைக் கேட்டேன், அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்களைக் கேட்டேன். ஒன்றும் இல்லை. ஒரு விபத்துகூட இல்லை.

சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் யார்டு பொறுப்பாளரைத் தற்செயலாகப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக, "அந்தக் கட்டியை என்ன பண்ணீங்க? எங்க கொண்டுபோய்ப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"போடறதா?" என்றார் அவர். "பழைய தாரை யாரும் தூக்கிப் போட மாட்டாங்க தம்பி. நொறுக்கி, மறுபடி காய்ச்சி, புதுக் கலவையோட சேர்த்துடுவோம். அந்த லோடும் அப்படித்தான் போச்சு. ஒரு சின்னத் தெருவுக்குச் சரியா இருந்துச்சு."

"எந்தத் தெரு?"

சொன்னார்.

அக்கா குடியிருக்கும் தெரு.

என் மருமகளுக்கு இப்போது ஒரு வயது முடிந்துவிட்டது. சாயங்காலமானால் அக்கா அவளைத் தெருவில் இறக்கிவிடுகிறாள். வழுவழுவென்று புதுத் தார் போட்ட தெரு. கல் குத்தாது, மண் ஒட்டாது. செருப்பில்லாமல் அதில்தான் நடை பழகுகிறாள்.